புலிகேசியைப் பார்த்துச் சிரிச்சோம், சரி... யாரைப் பார்த்துச் சிரிச்சோம்?

போன எபிசோட் முடியும்போது உங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ பத்தி உங்க கருத்து என்ன? வாய்ஸ் நோட் நிறைய வந்தது. அது போதாதுன்னு எங்க ஊர் திருவாலங்காட்டுலயும், கம்பெனி பஸ்ல கூட வர்ற பசங்ககிட்டயும் கேட்டுப் பார்த்தேன். எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கினா மூணு கட்சி தேறுது.

படத்தை முழுசா பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். 2006 ஜூலையில வந்த படம். விகடன்ல கார்ட்டூன் போட்டுக்கிட்டிருந்த சிம்புதேவனுக்கு இதுதான் முதல் படம். தயாரிச்சவர் இயக்குநர் ஷங்கர். வடிவேலு கதாநாயகனா நடிச்ச முதல் படமும் இதுதான், அதுவும் ரெட்டை வேஷம். வெள்ளைக்காரன் காலூன்றுற காலத்துல ஒரு குட்டி ராஜ்ஜியம். அங்க ஒரு முட்டாள் ராஜா, பேரு புலிகேசி. அவனோட இரட்டைச் சகோதரன் உக்கிரபுத்தன் அரண்மனைக்கு வெளியில புரட்சிக்காரனா வளர்றான். மாமன் சங்கிலிமாயன்தான் ராஜாவை ஆட்டி வைக்கிறார், அது நாசர்.

இப்போ அந்த மூணு கட்சி.

முதல் கட்சி: “மீம்ஸ் படம் ப்ரோ, செம காமெடி, அவ்ளோதான்.” இருபதுகள்ல இருக்கிற பசங்க பெரும்பாலும் இங்கதான். எங்க பஸ்ல ஒரு தம்பி, “அண்ணே, ஒவ்வொரு சீனும் எனக்குத் தெரியும். ஆனா படமா ஒருதடவைகூட பார்த்ததில்ல”ன்னான்.

ரெண்டாவது கட்சி: “ராஜாக்களை இப்படிக் கோமாளி ஆக்கலாமா? நம்ம வரலாறுக்கு நாமளே மரியாதை கொடுக்கலேன்னா எப்படி?” எங்க பெரியப்பா இந்தக் கட்சி. படத்துக்குச் சிரிச்சவர்தான். சிரிச்சு முடிச்சதும் கோபப்படுவார்.

மூணாவது கட்சி: “இது ராஜா கதையே இல்ல, இன்னைக்கு நடக்கிற அரசியல்.” ஆதாரம் கேட்டா கடகடன்னு சொல்வாங்க. சாதிச் சண்டை போடுறதுக்குன்னே ராஜா மைதானம் திறந்து வைக்கிறான். ‘அக்காமாலா’, ‘கப்சி’ன்னு குளிர்பானம் விக்க அனுமதி கொடுத்துட்டு, தானே விளம்பரத்துக்கும் நிக்கிறான். யாரைச் சொல்றாங்கன்னு விளக்க வேண்டியதில்ல.

மூணும் ஓரளவு சரிதான். ஆனா மூணுலயும் விட்டுப்போன ஒண்ணு இருக்கு. இந்தப் படம் வரலாற்றைக் கிண்டல் பண்ணல. வரலாறு எழுதப்படுற விதத்தைக் கிண்டல் பண்ணுது. இது எனக்குப் புரிஞ்சது எங்க ஊரால.

திருவாலங்காடுன்னா பலருக்கு அரக்கோணம் போற வழியில ஒரு ஸ்டேஷன். பக்தர்களுக்கு நடராஜரோட ரத்தின சபை, காரைக்கால் அம்மையார் தங்கின தலம். இந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சர்க்கரை ஆலை. வரலாறு படிக்கிறவங்களுக்கு இது செப்பேட்டு ஊர். 1905இல் இங்க கிடைச்ச திருவாலங்காட்டுச் செப்பேடு, முதலாம் ராஜேந்திர சோழனோடது. மொத்தம் 31 ஏடு, ஒரு பெரிய வளையத்துல கோத்து அரச முத்திரை வச்சது. பழையனூர்ங்கிற பக்கத்து ஊரை எங்க கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது.

ஆனா ஒரு ஊரைக் கொடுக்கிற பத்திரம், சூரியன்ல இருந்து ஆரம்பிக்குது! சமஸ்கிருதப் பகுதியில சோழர்களோட வம்சம் சூரியன்கிட்ட தொடங்கி, புராண ராஜாக்கள் வழியா, புறாவுக்காகத் தன் சதையை அறுத்துக் கொடுத்த சிபியைத் தொட்டு, ராஜேந்திரன் வரைக்கும் வருது. பக்கத்துல இருந்து பார்த்தவர் எழுதினதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அது அரசவைப் புலவர் பாடின புகழ்.

இன்னும் ஒரு இடம் இருக்கு. ‘பொன்னியின் செல்வன்’ பார்த்தவங்களுக்கு ஆதித்த கரிகாலனைத் தெரியும். அவரைக் கொன்ன துரோகிகளோட நிலத்தைப் பறிமுதல் பண்ணதை உடையார்குடி கல்வெட்டு வெளிப்படையாவே சொல்லுது. எங்க ஊர் செப்பேடு எப்படிச் சொல்லுது தெரியுமா? வானுலகைப் பார்க்கிற ஆசையில ஆதித்தன் மறைஞ்சுட்டாராம். கொலைங்கிற பேச்சே இல்ல. அடுத்து, சித்தப்பாவுக்கு நாடாள ஆசை இருக்கிற வரைக்கும் அருண்மொழி மனசாலகூட ஆட்சியை விரும்பலன்னு வருது. கல்கி தன் நாவலுக்கு எடுத்துக்கிட்ட நூல்கள்ல இந்த முனையும் ஒண்ணு.

செப்பேடு பொய்னு நான் சொல்லல. அது இல்லேன்னா சோழர் வரலாற்றுல பாதி நமக்குத் தெரிஞ்சிருக்காது. நான் சொல்றது, ராஜா காசு கொடுத்து எழுத வச்ச வரலாற்றுக்குன்னு ஒரு குரல் இருக்கு. அந்தக் குரலைக் காதுல வச்சுக்கிட்டு இப்போ புலிகேசிக்கு வாங்க.

ஓவியர் சீன் ஞாபகம் இருக்கா? நோஞ்சான் ராஜாவோட தலையைக் கட்டுமஸ்தான ஒரு உடம்புமேல வச்சு வரைவாங்க. பின்னாடி வர்ற சந்ததி நம்மளை இப்படித்தான் நினைக்கணும்னு ராஜாவே சொல்றான். வரலாறு முக்கியம்ங்கிற அந்த வசனம் இங்கதான் வருது. மீம்ல அதை எதுக்கெல்லாமோ போடுறோம். படத்துல அதோட அர்த்தம் ஒண்ணுதான்: வரலாறு முக்கியம், அதனால பொய்யா வரையணும். அப்புறம் புலவர் சீன். புகழ்ற மாதிரியே ராஜாவைத் திட்டுற பாட்டு. மெய்க்கீர்த்திங்கிற மரபு முழுசையும் ரெண்டு நிமிஷத்துல கவிழ்த்துப் போட்ட சீன் அது.

அதனால பெரியப்பாகிட்ட நான் சொன்னது இதுதான்: “பெரியப்பா, படம் ராஜராஜனைக் கிண்டல் பண்ணல. ராஜான்னா இப்படித்தான் பாடணும்னு ஒரு பழக்கம் இருக்குல்ல, அதைத்தான் கிண்டல் பண்ணுது.” அவர் முழுசா ஒத்துக்கல. “அந்த வித்தியாசம் எத்தனை பேருக்குப் புரியும்?”னு கேட்டார். நல்ல கேள்வி.

அதுக்குப் பதில் அதே இயக்குநரோட இன்னொரு படத்துல இருக்கு. 2010இல் சிம்புதேவன் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ எடுத்தார், லாரன்ஸ் நடிச்ச கௌபாய் காமெடி. உழைப்பும் கற்பனையும் அதுலயும் குறையல. ஆனா புலிகேசிக்குக் கிடைச்ச வரவேற்பு கிடைக்கல. “என்னமோ வித்தியாசமா எடுத்திருக்காங்க”ங்கிறதோட பலர் நிறுத்திக்கிட்டாங்க. ஏன்?

பகடிக்கு ரெண்டு படம் வேணும். ஒண்ணு திரையில ஓடணும், இன்னொண்ணு நம்ம மண்டைக்குள்ள ஓடணும். புலிகேசி பார்க்கும்போது நமக்குள்ள ‘உத்தமபுத்திரன்’ ஓடுச்சு. அரண்மனையில ஒருத்தன், வெளியில ஒருத்தன்னு இரட்டை இளவரசர் கதை. 1940இல் பி.யு.சின்னப்பா, 1958இல் சிவாஜி. கூடவே எம்.ஜி.ஆரோட ‘நாடோடி மன்னன்’. இதையெல்லாம் டி.வி.யில பார்த்தே நாம வளர்ந்தோம். ராஜா எப்படி நடக்கணும், எப்படி மீசையை முறுக்கணும்னு நமக்கு அத்துப்படி. அதனால வடிவேலு நடந்து வந்தாலே சிரிப்பு வந்தது.

‘இரும்புக்கோட்டை’யோட அசல், கர்ணன் இயக்கத்துல ஜெய்சங்கர் நடிச்ச கௌபாய் படங்கள். ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, ரெண்டுமே 1972. படத்துல வர்ற ஊருக்கு ஜெய்சங்கர்புரம்னே பேர் வச்சிருந்தாங்க. ஆனா 2010இல் தியேட்டர்ல உட்கார்ந்திருந்த பசங்கள்ல எத்தனை பேர் ‘கங்கா’ பார்த்திருப்பாங்க? திரையில ஜோக் ஓடுது, மண்டைக்குள்ள ஓட வேண்டிய படம் இல்ல. என்னைக் கேட்டா, அந்தப் படத்தோட பிரச்சினை இதுதான்.

அசல் தெரியலேன்னா சிரிப்பு வராம போறது மட்டும் இல்ல, சில நேரம் கோபமும் வரும். 2014இல் வடிவேலு நடிச்ச ‘தெனாலிராமன்’ வந்தப்போ, கிருஷ்ணதேவராயரைக் கேலி பண்றாங்கன்னு தெலுங்கு அமைப்புகள் எதிர்ப்பு தெரிவிச்சாங்க. எங்க பக்கம் வீட்டுல தெலுங்கு, வெளியில தமிழ்னு பேசுற குடும்பங்கள் நிறைய. அந்த வருத்தத்தை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். ஆனா தெனாலிராமன் கதைகள்ல காலங்காலமா ராஜாதானே மடக்கப்படுறார்? பாட்டிங்க சொல்லும்போது யாரும் கோபப்படல.

சரித்திரத்தை வச்சுச் சிரிக்கிறது சினிமா வந்தப்புறம் தொத்திக்கிட்ட வியாதியும் இல்ல. நிஜ புலிகேசி, அதாவது சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, 7ஆம் நூற்றாண்டுல காஞ்சிப் பல்லவர்கள்மேல படையெடுத்தவர். அவரை எதிர்த்து நின்ன மகேந்திரவர்மன் என்ன எழுதினார் தெரியுமா? ‘மத்தவிலாசப் பிரகசனம்’னு ஒரு கேலி நாடகம். குடிபோதையில ஒரு காபாலிகன் தன் மண்டையோட்டுப் பாத்திரத்தைத் தொலைச்சுட்டு, ஒரு பௌத்த பிக்குமேல திருட்டுப் பட்டம் கட்டுறான். கடைசியில பார்த்தா தூக்கிட்டுப் போனது ஒரு நாய். கதை நடக்கிறது ராஜாவோட சொந்தத் தலைநகர் காஞ்சியில. காஞ்சி எங்க ஊருக்கு ஒண்ணும் ரொம்ப தூரம் இல்ல.

ஆக, இதுல நமக்கு என்ன இருக்கு? செப்பேடு எழுத ராஜாவுக்குப் புலவர் இருந்தார். பழையனூர்ல ஏர் உழுதவனுக்கு யாரும் இல்ல. அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுட்டு அவன் சிரிச்சானா, கொட்டாவி விட்டானான்னு எந்த ஏட்டுலயும் கிடையாது. புலிகேசி மாதிரி ஒரு படம், ஏட்டுல ஏறாத அந்தச் சிரிப்பைக் கற்பனை பண்ணிப் பார்க்குது. இதை மீம் அளவுக்குச் சுருக்கினா சிரிப்பு மிஞ்சும், யாரைப் பார்த்துச் சிரிச்சோம்ங்கிறது தொலைஞ்சுடும்.

அதனால முதல் கட்சித் தம்பிகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். ஒரு ஞாயித்துக்கிழமை 1958 ‘உத்தமபுத்திரன்’ பாருங்க, அடுத்த ஞாயித்துக்கிழமை புலிகேசியை முழுசா பாருங்க. பார்த்துட்டு எந்த சீனுக்குப் புதுசா சிரிச்சீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பெரியப்பா கட்சிக்காரங்களும் கட்டாயம் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல முதல்ல உங்களுக்குத்தான் இடம். வரட்டுமா மக்களே.