அன்னம் மட்டும் கிடைக்குமா?

அரியக்குடியில் மாமாவின் பட்டறையில் போனுக்குப் பக்கத்தில் ஒரு 40 பக்க நோட்டு எப்போதும் கிடக்கும். போன் எடுப்பது அத்தை. விளக்கு கேட்டு யார் பேசினாலும் அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி வைத்துவிடுவார். "அஞ்சடி விளக்கு எத்தன கிலோ வரும்?" "கழட்டிப் பெட்டியில வச்சு பிளேன்ல கொண்டுபோகலாமா?" "முழுப் பித்தளையா, மேல்பூச்சா?" கடைசலில் இருக்கும் மாமாவுக்கு இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. சாயங்காலம் படித்துக் காட்டத்தான் அந்த நோட்டு. பட்டறையின் இணையதளத்தை நான் கையில் எடுத்த முதல் இரண்டு வருஷம் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் எனக்குத் தொழில். மூலதனம் அத்தையின் கையெழுத்தில் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

காரைக்குடிக்கு ஒட்டினாற்போல இருக்கும் ஊர் அரியக்குடி. சிறிய ஊர்தான், ஆனால் அந்தப் பெயருக்கு மூன்று சொந்தக்காரர்கள். ஒருவர் திருவேங்கடமுடையான், தென்திருப்பதி என்று சொல்லிக்கொண்டு வரும் கூட்டம் அவருக்கு. இன்னொருவர் 1890இல் பிறந்து, இன்றைய கர்நாடக சங்கீதக் கச்சேரிக்கு ஒரு முறையை வகுத்துக் கொடுத்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். மூன்றாவது, இங்கே வார்த்துக் கடையும் பித்தளைக் குத்துவிளக்கு. கூகுளில் 'அரியக்குடி' என்று மட்டும் அடித்தால் இந்த மூன்றும் வரிசையில் முண்டுகின்றன. பாட்டுக் கேட்க வந்தவரா, பெருமாளைச் சேவிக்க வந்தவரா, கல்யாணச் சீருக்கு விளக்கு தேடுபவரா என்று அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. கூகுளாலும் முடியாது. அதனால் அது எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துப் பரிமாறுகிறது.

தேடுபொறி வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொள்ளப் பழைய இலக்கியப் பதிப்பு ஒன்றின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் போதும். அங்கே அரும்பத அகராதி இருக்கும். எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று வரிசையாகக் கொடுத்திருப்பார்கள். கூகுள் உலகத்து இணையப் பக்கங்களை எல்லாம் முன்கூட்டியே படித்து இப்படியொரு சொல்லடைவை வைத்திருக்கிறது. நாம் அடித்த சொல் இருக்கும் பக்கங்களை அதிலிருந்து எடுத்து, எது இந்த ஆளுக்கு உதவும் என்று பார்த்து வரிசைப்படுத்துகிறது. சொல் இருந்தால் அடைவில் இடம் உண்டு. வரிசையில் இடம் கிடைக்க அது போதாது.

இந்த வித்தியாசம் தெரியாதவர்களிடம்தான் நம் ஊர்ச் சிறு தொழில்காரர்கள் பணத்தை விடுகிறார்கள். மாமாவுக்கு முதலில் தளம் செய்து கொடுத்தவர் ஒரே முகப்புப் பக்கத்தின் தலைப்பில் குத்துவிளக்கு, பித்தளை விளக்கு, தூக்கு விளக்கு, சரவிளக்கு, கோயில் மணி, காரைக்குடி, கும்பகோணம், நாச்சியார்கோயில் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்திருந்தார். பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அதே சொற்கள் இன்னும் 50 தடவை. 'கீவேர்டு' என்றொரு மறைவான இடத்தை நிரப்புவதற்கு மாதாமாதம் தனிக் கட்டணம் வேறு. அந்த இடத்தை வரிசைக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஒளித்து வைத்த எழுத்தும் அடுக்கிக் குவித்த சொற்களும் அதன் விதிகளில் மோசடிக் கணக்கில் வரும். வெயிலிலும் உலைச் சூட்டிலும் நின்று சம்பாதித்த காசு அது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

நான் வந்து அதையெல்லாம் துடைத்தேன். பிறகு நானும் ஒரு தப்பு செய்தேன். ஒரே பக்கத்தில் எல்லாச் சொல்லும் கூடாது என்றால் சொல்லுக்கு ஒரு பக்கம் போட்டுவிடலாமே என்று 11 பக்கங்கள் எழுதினேன். குத்துவிளக்குக்கு ஒன்று, பித்தளை விளக்குக்கு ஒன்று, மதுரைக்காரருக்கு ஒன்று, சென்னைக்காரருக்கு ஒன்று. ஆங்கில எழுத்தில் நம் சொற்களை ஆளுக்கொரு விதமாகத்தானே அடிக்கிறார்கள்? 'குத்து' என்பதற்கு ஒரு 'டி' போடுபவர் உண்டு, இரண்டு 'டி' போடுபவர் உண்டு. 'விளக்கு' என்பதைச் சேர்த்து எழுதுபவர், பிரித்து எழுதுபவர். அரியக்குடிக்கு ஒரு 'கே'யா, இரண்டா? ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். உள்ளே இருந்ததோ ஒரே சரக்கு, ஊர்ப் பெயர் மட்டும் மாற்றம்.

என்ன நடந்தது என்பதை கூகுளின் சர்ச் கன்சோலில் பார்த்தேன். தளம் வைத்திருக்கும் யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய கணக்குப் புத்தகம் அது: எந்தத் தேடலுக்கு நம் பக்கம் எத்தனை முறை கண்ணில் பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள், வரிசையில் எத்தனையாவது இடம். 'பித்தளை குத்துவிளக்கு' என்ற ஒரே தேடலுக்கு இந்த வாரம் என் மூன்றாவது பக்கம் நிற்கிறது, அடுத்த வாரம் ஏழாவது பக்கம், அதற்கடுத்த வாரம் இரண்டுமே கீழே. ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரே பந்தி இலைக்கு அடித்துக்கொண்ட கதை. வெளியாள் யாரும் எங்களைத் தோற்கடிக்கவில்லை. என் பக்கங்களே ஒன்றின் காலை மற்றது வாரிவிட்டன. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போடும் பக்கங்களுக்கு வாசல் பக்கங்கள் என்றே கூகுள் பெயர் வைத்திருக்கிறது; அதுவும் விதிமீறல்தான்.

அப்புறம்தான் சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு சொற்களுக்கு ஒரு பக்கம் போதுமா, இரண்டு வேண்டுமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இரண்டையும் தனித்தனியாகத் தேடி, வரும் முதல் 10 முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அதே பக்கங்கள் வந்தால் கேட்பவரின் தேவை ஒன்று. ஒரு பக்கம் போதும். 'பித்தளை குத்துவிளக்கு விலை', 'குத்துவிளக்கு வாங்க' இரண்டிலும் கடைகளே வந்தன. 'குத்துவிளக்கு ஏற்றும் முறை' என்று தேடினால் கடையே கண்ணில் படவில்லை. எத்தனை முகம், எந்தத் திசை, என்ன எண்ணெய் என்று ஆன்மிகக் கட்டுரைகள் வரிசை கட்டின. விளக்கு ஒன்றுதான். வருபவர் வேறு, வந்த காரியம் வேறு.

11 பக்கங்களை 4 ஆக்கினேன். வாங்குபவருக்கு ஒன்று, கோயிலுக்கு ஆர்டர் கொடுப்பவருக்கு ஒன்று, ஏற்றும் முறையும் பராமரிப்பும் ஒன்று, பட்டறையின் கதை ஒன்று. நீக்கிய பக்கங்களின் முகவரிக்கு வருபவர்களை மிச்சமிருக்கும் பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட்டேன். கடையை மாற்றும்போது பழைய கதவில் புது முகவரி ஒட்டுவோமே, அதேதான். கூகுளும் அதைப் படித்துப் பழைய பக்கம் சேர்த்த மதிப்பைப் புதியதற்குக் கொண்டுபோகும். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளுக்குத் தனிப் பக்கம் தேவையே இல்லை; கூகுள் அவற்றைப் பெரும்பாலும் தானே புரிந்துகொள்கிறது.

நாச்சியார்கோயில் என்ற சொல்லைத் தளத்திலிருந்து அடியோடு எடுத்தேன். அதைத் தேடுபவர்கள் நிறையப் பேர், போட்டுவைத்தால் என்ன என்று கேட்டவர்கள் உண்டு. கும்பகோணத்துப் பக்கம் இருக்கும் அந்த ஊர் விளக்கு புவிசார் குறியீடு பெற்றது. ஓர் ஊரில் செய்த பொருளை அப்படிக் குறியீடு பெற்ற இன்னோர் ஊர்ப் பெயரில் காட்டுவது 1999ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், அங்கேயும் ஒரு பட்டறையில் ஒருவர் உலை முன்னால் உட்கார்ந்திருக்கிறாரே. மாமாவிடம் சொன்னபோது, "அவுக விளக்கு அவுகளுக்கு, நம்ம விளக்கு நமக்கு. அந்தப் பேரு நமக்கு எதுக்கு ஆத்தா?" என்று முடித்துவிட்டார். 'அரியக்குடி' என்ற ஒற்றைச் சொல்லுக்கும் நான் போட்டியிடுவதில்லை. அந்த இடம் ஐயங்காருக்கும் பெருமாளுக்கும் உரியது.

வெறும் 'குத்துவிளக்கு' என்ற சொல்லில் பெரிய வணிகத் தளங்களோடு மோதி ஜெயிக்க எங்களால் ஆகாது. எங்கே ஜெயிக்கலாம் என்று அத்தையின் நோட்டுதான் காட்டியது. ஒரு மழை நாளில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது அதை எடுத்துப் புரட்டினேன். ஒரே கேள்வி வேறு வேறு தேதியில், வேறு வேறு வாயில் ஆறு தடவை இருந்தது: "பழைய விளக்குக்கு அன்னம் மட்டும் கிடைக்குமா?"

குத்துவிளக்கு ஒரே துண்டில்லை. அடிப்பீடம், தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைந்து, மரை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகத் திருகுவார்கள். நாலைந்து தலைமுறை கைமாறும்போது முதலில் தொலைவது அன்னம்தான். இந்தக் கேள்விக்கு அப்போது இணையத்தில் பதிலே இல்லை. 'அன்ன விளக்கு' என்று தேடினால் விற்பனைக்கு முழு விளக்குகள் வருகின்றன. 'விளக்குக்கு அன்னம்' என்பது வேறு. ஒரு 'க்கு' முழுக் காரியத்தையும் மாற்றிவிடுகிறது. இப்படிச் சின்னச் சின்ன உருபுகள் பொருளை எப்படித் திருப்புகின்றன என்று பார்க்கத்தான் 2019இல் கூகுள் 'பெர்ட்' என்ற முறையைத் தேடலுக்குள் கொண்டுவந்தது. 2017இலிருந்து தமிழில் பேசியே தேடலாம் என்றும் ஆகிவிட்டது. வாயால் கேட்பவர் தந்தி மொழியில் கேட்பதில்லை, அத்தையிடம் கேட்டது போலவே கேட்கிறார்.

அந்த ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் எழுதினேன். உடைந்த அன்னத்தின் அடிக்கட்டை, தண்டின் மரை, ஸ்கேல் வைத்து அளப்பது எப்படி என்று மாமாவின் கை தெரியும்படி நாலு படங்கள். படத்துக்கு என்ன பெயர், படத்தில் இருப்பது என்ன என்பதையும் தமிழில் எழுதிவைத்தேன். சொல்லை எங்கும் திணிக்கவில்லை. விற்பனைப் பக்கத்திலிருந்து இதற்கு ஓர் இணைப்பு, இதிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு. நாலைந்து மாதத்தில் அந்தத் தேடலுக்கு எங்கள் பக்கம் முதலில் வந்து நின்றது.

போன வருஷம் ஈப்போவிலிருந்து ஒரு பெண் எழுதினார். அவருடைய ஆச்சிக்குச் சீராக வந்த விளக்காம், கப்பலில் போனதாம். அன்னம் எப்போது தொலைந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் சொன்னபடியே ஸ்கேல் வைத்து, மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மாமா கண்ணாடியை ஏற்றிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மரை பழைய மாதிரி, கரடுமுரடா இருக்கு. கையாலதான் வெட்டணும்" என்றார். இரண்டு தடவை வெட்டிப் பார்த்துத் திருப்தியில்லாமல் மூன்றாவதை அனுப்பினோம்.

பொருத்திய படம் வந்தது. கருத்துப்போன தண்டின்மேல் பளீரென்று மஞ்சளாய் அன்னம். ரெண்டும் ஒரே நிறமாக என்ன செய்ய, புளி போட்டு விளக்கையும் தேய்க்கட்டுமா என்று கேட்டிருந்தார்.

"தேய்க்க வேணாம்னு சொல்லு. ஏத்தட்டும். எண்ணெய் பட்டு, புகை பட்டு, அதுவே கூடிவரும்" என்றார் மாமா.

அத்தை நோட்டை இழுத்து, தேதி போட்டு எழுதினார்: 'புது அன்னம் பழைய விளக்கோட நிறம் சேருமா?' அடுத்த பக்கத்துக்கு நான் அதையே தலைப்பாக வைத்தேன்.