கரிசல் காட்டு லீக்

அமெரிக்கச் சிற்றூர்கள் தங்கள் பேஸ்பால் அணிகளைப் பறிகொடுத்த கதையில் அருப்புக்கோட்டைச் சீமைக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

சோளமும் கம்பும் வீடு வந்து சேர்ந்த பிறகு, பாலவனத்தத்தைச் சுற்றியுள்ள மானாவாரிக் காடுகளுக்கு ஐப்பசி மழை வரை பெரிய வேலை இல்லை. அந்த இடைவெளியில் தரிசு நிலங்களும் வற்றிய கண்மாய்களும் கிரிக்கெட் மைதானங்களாகிவிடும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதனால் பிட்ச்சுக்கு மட்டும் செம்மண் அடித்து, தண்ணீர் தெளித்து இறுக்குவார்கள். பவுண்டரிக்குக் கோடு போட வேண்டியதில்லை, சீமைக் கருவேலம் போதும்.

பங்குனிப் பொங்கல் நெருங்கும்போதே ‘மாபெரும் கிரிக்கெட் தொடர் போட்டி’ என்று ஃப்ளெக்ஸ் முளைத்துவிடும். முதல் பரிசு யார் உபயம், சுழற்கோப்பை யார் நினைவாக, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என எல்லாம் அதில் இருக்கும். டென்னிஸ் பந்து, ஆறு ஓவர், மிஞ்சினால் எட்டு. தறிக்காரர், நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், கொடைக்காகத் திருப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர் எல்லாரும் ஒரே ஜெர்ஸியில் இறங்குவார்கள். “வெளியூர் ஆள இறக்கிட்டாங்க” என்பதுதான் வழக்கமாக வரும் சண்டை. அதைத் தவிர்க்கவே இப்போது பல ஊர்களில் ஆதார் அட்டையைப் பார்த்துத்தான் பெயரை எழுதுகிறார்கள்.

எந்தச் சங்கத்திலும் பதிவாகாத லீக் இது. ஆனாலும் ஒரு சிற்றூர் லீக்குக்கு வேண்டிய லட்சணங்கள் எல்லாம் இதற்கு உண்டு.

பண்ணை முறை வந்த கதை

பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியது 1901-இல். அதே ஆண்டு, அமெரிக்காவில் சிற்றூர்களின் பேஸ்பால் லீக்குகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. பெரிய நகரத்து அணிகள் காசைக் காட்டித் தங்கள் ஆட்டக்காரர்களைக் கொத்திக்கொண்டு போவதைத் தடுப்பது அதன் முக்கிய நோக்கம். இந்த லீக்குகளுக்கு மைனர் லீக் என்று பெயர். சுரங்க ஊர், பருத்தி ஆலை ஊர், ரயில் சந்திப்பு என்று சின்னச் சின்ன இடங்களுக்கெல்லாம் சொந்த அணி இருந்தது.

1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி வேறு வழி கண்டார். ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவதைவிட, அவர் விளையும் அணியையே வாங்கிவிட்டால் செலவு குறைவு. மற்றப் பெரிய அணிகளும் அதையே செய்தன. ‘பண்ணை முறை’ என்று இதற்குப் பெயர் வந்தது. சிற்றூர்க்காரர்களுக்கு இதனால் ஏணி கிடைத்தது. ஆனால் அணி ஊரின் கையை விட்டுப் போயிற்று.

1949-இல் 59 லீக்குகள் ஆடின; ஏறத்தாழ 4 கோடிப் பேர் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்தது. நியூயார்க் ஆட்டம் கூடத்திலேயே தெரியும்போது உள்ளூர் மைதானத்துக்கு யார் போவார்? 1960-களின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு லீக்குகள்கூடத் தேறவில்லை. அண்மைய வெட்டு 2020-க்குப் பின் விழுந்தது. பெரிய அணிகளோடு இணைந்திருந்த 160 சிறு அணிகளை 120 ஆகக் குறைத்தார்கள். அப்பலாச்சியன் மலைப்பகுதிச் சிற்றூர்களின் லீக், கல்லூரி மாணவர்களின் கோடைக்காலப் போட்டியாக மாறியது.

ரோசெஸ்டர் நகரமோ வேறு மாதிரி நடந்துகொண்டது. அங்கிருந்த தன் பண்ணை அணியைக் கார்டினல்ஸ் கைகழுவியபோது, 1957-இல் நகர மக்களே பங்கு போட்டு அணியை வாங்கினார்கள். அந்த அணி இன்றும் அங்கேயே ஆடுகிறது.

ஊர்ப் பெயர் மட்டும்

நம் மாநிலத்தில் மைனர் லீக்குக்கு நெருங்கிய உறவு தமிழ்நாடு பிரீமியர் லீக் எனும் டி.என்.பி.எல். சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டாண்டுத் தடையில் இருந்த 2016 ஆகஸ்டில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் இதைத் தொடங்கியது. காரைக்குடி, மதுரை, தூத்துக்குடி, திண்டுக்கல் என அணிகளுக்கு ஊர்ப் பெயர். ஆனால் முதல் ஆண்டு ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தத்தில் ஒரு கல்லூரி வளாகம், நெல்லை அருகே சங்கர் நகர் என மூன்றே இடங்களில் நடந்தன. காரைக்குடிக் காளை பிறகு திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. 2025-இல் கோப்பையும் வென்றது. முதல் சாம்பியனான தூத்துக்குடி அணி சேலத்துக்குப் போய்விட்டது. அமெரிக்க உரிமையாளர்கள் அணியைப் பெயர்த்துக்கொண்டு போவதைப் போலத்தான் இதுவும்.

இருந்தாலும் பலன் இல்லை என்று சொல்ல முடியாது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் தறித் தொழிலாளி மகனான நடராஜன், இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர். 2016-இல் திண்டுக்கல் அணிக்காக அவர் வீசிய யார்க்கர்கள் பேசப்பட்டன. மறு ஆண்டே ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடிக்குப் போனார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார். ஆனால் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னையின் நான்காம் டிவிஷனுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது எந்த லீக்கும் அல்ல; அதே ஊர் ஜெயப்பிரகாஷ் என்ற ஒரு மனிதர். அப்படி ஒருவர் வாய்க்காத ஊர்ப் பையன் என்ன செய்வான்?

நடுப்படி இல்லாத ஏணி

கரிசல் காட்டுக்கும் டி.என்.பி.எல்.லுக்கும் நடுவே உள்ள படி மாவட்ட லீக். அங்கே தோல் பந்து, பேட், ஹெல்மெட், மேட்டிங் எல்லாம் வேண்டும். பரிசுப் பணத்தை நம்பி வண்டி பிடிக்கும் அணிக்கு அது கட்டுப்படியாகாது. சாதியும் குறுக்கே நிற்கும். யார் எந்த அணியில் ஆடலாம் என்பது ஆட்டத்தை வைத்து மட்டும் முடிவாவதில்லை. 2024-இல் வந்த ‘லப்பர் பந்து’ படம் ஊர் ஊராகப் பேசப்பட்டதற்கு அந்த உண்மையும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ஏணி இருந்தது. அணி ஊருக்குச் சொந்தமாக இல்லை. நம்மிடம் அணி ஊருக்குச் சொந்தம், ஏணிதான் இல்லை. உரிமையை விட்டுக்கொடுக்காமலே ஏணி போட வழியுண்டு. மாவட்டச் சங்கத் தேர்வாளர்கள் பங்குனி, சித்திரைத் தொடர்களுக்கு நேரில் வரலாம். அங்கே தேறும் பந்துவீச்சாளர்களுக்குத் தோல் பந்துப் பயிற்சியை இலவசமாகத் தரலாம். போட்டி நடத்தும் இளைஞர்கள் ஸ்கோர் நோட்டை இறுதி ஆட்டத்தோடு பழைய பேப்பருக்குப் போடாமல் ஆண்டுதோறும் சேர்த்து வைக்கலாம். யார் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று எழுதியிருந்தால்தான் கேட்க வருபவருக்குக் காட்ட முடியும். இவற்றுக்கெல்லாம் ஸ்டேடியம் தேவையில்லை, ஸ்பான்ஸரும் தேவையில்லை. அடுத்த பங்குனிக்கே தொடங்கிவிடலாம்.