பனியே அவர்களின் சேமிப்பு

நம்மில் பெரும்பாலோருக்குக் குளிர்காலம் என்பது மார்கழியின் சில வாரங்களே. கூடுதலாக ஒரு போர்வை இருந்தால் போதும், அது கடந்துவிடும். ஆனால் ஆண்டில் ஏறத்தாழ பாதியைக் கடுங்குளிரில் கழிக்கும் சிற்றூர்களும் நம் நாட்டில் உள்ளன. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், 14,000 அடி உயரத்திலும் அதற்கு மேலும் அமைந்துள்ள கிப்பர், ஹிக்கிம், கோமிக் ஆகியவை அத்தகையவை.

அங்கே குளிர்கால இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கும். மணாலியிலிருந்து வரும் சாலை, ஏறத்தாழ 15,000 அடி உயரமுள்ள குன்சும் கணவாயில் பனியால் மூடப்பட்டுவிடும். கின்னௌர் வழியாக வரும் மற்றொரு சாலையும் பனிச்சரிவுகளால் அவ்வப்போது தடைபடும். எனவே, குளிர்காலத்துக்குத் தேவையான அனைத்தையும் கோடையிலேயே சேர்த்துவைத்தாக வேண்டும்.

மரங்கள் அரிதான நிலம் அது. ஆகவே கால்நடைகளின் சாணம் வறட்டியாக உலர்த்தப்பட்டு, விறகுடனும் வைக்கோலுடனும் தட்டையான மண் கூரைகளின் மீது அடுக்கப்படுகிறது. தரைத்தளத்தில் கால்நடைகள், மேல்தளத்தில் மனிதர் என்பதே வீட்டின் பழைய அமைப்பு. பனிக்காலம் வந்ததும் குடும்பம் முழுவதும் இரும்பு அடுப்பு எரியும் ஒரே அறைக்குள் ஒடுங்கிவிடும். உண்பதும் உறங்குவதும் கம்பளி நூற்பதும் அங்கேதான். வறுத்த பார்லி மாவு, உலர்த்திய காய்கறி, உலர்ந்த இறைச்சி, உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீர் ஆகியவை உடலுக்குச் சூடளிக்கின்றன. குழாய்நீர் உறைந்துவிடுவதால், பனியை உருக்கியே பல நாள்கள் நீர் பெற வேண்டும். கழிவறையிலும் நீருக்கு இடமில்லை. மண்ணும் சாம்பலும் தூவப்பட்ட கழிவு உரமாகி, அடுத்த ஆண்டு வயலுக்குச் செல்கிறது.

இத்தனை இன்னலைத் தரும் பனியை அம்மக்கள் வெறுப்பதில்லை என்பதே நாம் அறிய வேண்டிய செய்தி. பருவமழை மலைத்தொடரைத் தாண்டி இப்பள்ளத்தாக்கை அடைவது அரிது. குளிர்காலத்தில் மலைமீது படியும் பனிதான் வசந்தத்தில் உருகி, வாய்க்கால்கள் வழியே வயலை அடைகிறது. ஆண்டுக்கு ஒரு போகம்தான். பார்லி வீட்டு உணவாகிறது; பச்சைப்பட்டாணி சமவெளிச் சந்தைக்குச் சென்று பணமாகிறது. பனி பொய்த்தால் இரண்டும் இல்லை. அண்மை ஆண்டுகளில் பனிப்பொழிவு குறைந்து ஊற்றுகள் வற்றுவதே அவ்வுழவர்களின் பெருங்கவலை. அவர்கள் அஞ்சுவது குளிருக்கு அல்ல, பனியில்லாத குளிருக்கு.

இதே இடர்ப்பாட்டை எதிர்கொள்ளும் அண்டைப் பகுதியான லடாக்கில் ஒரு வழி காணப்பட்டது. பொறியாளர் செவாங் நோர்பெல், குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடைநீரை நிழல் படிந்த சரிவுகளுக்குத் திருப்பி, கற்சுவர்களால் தடுத்து உறையவைத்தார். அப்பனிக்கட்டி விதைப்புப் பருவத்தில் உருகி வயலுக்குப் பாயும். இப்பணிக்காக அவருக்கு 2015-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வேண்டாத காலத்தில் கிடைப்பதை வேண்டும் காலத்துக்கென நிறுத்திவைப்பதுதானே சேமிப்பு? நாம் அதைக் கணக்கேட்டில் காண்கிறோம். அவர்கள் மலைச்சரிவில் காண்கிறார்கள்.