களப்பணி என்றால் என்ன? சமூகப்பணி படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு



நம் பகுதிப் பிள்ளைகளில் சிலர் இப்போது பி.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணி இளங்கலைப் படிப்பில் சேர்ந்து வருகிறார்கள். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கேட்பது இரண்டு விஷயம். ஒன்று: "படிக்கத்தானே அனுப்பினோம், ஆஸ்பத்திரிக்கும் குடிசைப் பகுதிக்கும் எதற்கு அனுப்புகிறார்கள்?" மற்றொன்று: "வந்து வேலை பார்த்ததாக நீங்களே ஒரு முத்திரை போட்டுக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை வீட்டில் இருக்கட்டும்." முதல் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவதற்கு, கொடுக்க மாட்டோம் என்பதே பதில்.

களப்பணி இந்தப் படிப்போடு ஒட்டவைத்த கூடுதல் சுமை அல்ல. இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936-இல் பம்பாயில் தொடங்கியது. இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று அறியப்படும் அந்தப் பள்ளியை முன்னின்று நடத்திய கிளிஃபோர்ட் மான்ஷார்ட், அதற்கு முன்பே நாக்பாடா என்ற நெரிசலான உழைப்பாளர் பகுதியில் ஒரு சமூக மையம் நடத்தியவர். மக்கள் வாழும் இடத்திலிருந்துதான் வகுப்பறை பிறந்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கும் சேவை அமைப்புகளோடு சேர்ந்தே வளர்ந்தது.

களப்பணியும் இன்டர்ன்ஷிப்பும் ஒன்றல்ல. களப்பணி பருவம் முழுவதும் வகுப்போடு சேர்ந்து நடப்பது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு நிறுவனத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பொறுப்பாளரும் கல்லூரியில் ஒரு பேராசிரியரும் வழிகாட்டுவார்கள். அன்றன்று செய்ததை அறிக்கையாக எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் விடுமுறையில், சில வாரங்கள் தொடர்ந்து ஒரே இடத்தில் இருப்பது. இரண்டிலும் பொதுவாகச் சம்பளம் கிடையாது. பஸ் செலவு மட்டும்தான், அதுவும் நம் மாநிலத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் இலவசம்.

அங்கே போய் என்ன கற்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். கணவரை இழந்த ஒரு பெண் தையல் மெஷின் கேட்டு மனு கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நம்மைப் போன்றவர்கள் ரேஷன் கார்டைப் பார்ப்போம், ஜமாஅத் கடிதத்தைப் பார்ப்போம், மெஷினைக் கொடுப்போம், போட்டோவும் எடுத்துக்கொள்வோம். களப்பணி மாணவி அந்த வீட்டுக்கு இரண்டு மூன்று தடவை போய் உட்கார்ந்து பேசுகிறாள். படுக்கையில் கிடக்கும் மாமியாரைக் கவனிப்பதிலேயே அந்தப் பெண்ணின் பகல் போய்விடுகிறது, தைக்க நேரமில்லை என்று தெரிகிறது. அறக்கட்டளைகள் தையல் மெஷின் கொடுக்கும் என்பதால் அதைக் கேட்டிருக்கிறார். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருப்பதால் விதவை ஓய்வூதிய மனு நின்றுபோயிருக்கிறது. மூத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டு மெக்கானிக் கடைக்குப் போகிறான்.

மாணவி எழுதிய அறிக்கையைப் பார்த்து பேராசிரியர், "அந்தம்மா தனக்கு முதலில் எது வேண்டும் என்று நினைக்கிறார், கேட்டாயா?" என்பார். இல்லையென்றால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். இரக்கப்படுவது வேறு, உதவுவது வேறு என்பது இப்படித்தான் கைவரும். புத்தகத்தைப் படித்து மட்டும் வராது. இதை வீட்டிலிருந்தே செய்ததாக நாங்கள் முத்திரை போட்டுக் கொடுத்தால், பட்டம் வாங்கிய பிறகு அந்தப் பிள்ளை போய் நிற்கும் வீட்டுக்காரர்களுக்குத்தான் அநியாயம்.

இடம் கொடுக்கும் எங்களைப் போன்ற அமைப்புகளுக்கும் பொறுப்பு உண்டு. ரமலான் மளிகைப் பை கட்டவும், கம்ப்யூட்டரில் பெயர்ப் பட்டியல் அடிக்கவும் சம்பளமில்லாத ஆளாக மாணவர்களை வைத்துக்கொள்ளும் இடங்கள் இருக்கின்றன. ஒரு நாள் அந்த வேலையும் பார்க்கலாம்தான். பருவம் முழுக்க அதுவே என்றால் பிள்ளைகள் கல்லூரியில் சொல்ல வேண்டும், பெற்றோரும் கேட்க வேண்டும்.

அடுத்தது, ரகசியம் காப்பது. ஒரு வீட்டின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்வது அமானத். அறிக்கையில் உண்மைப் பெயர் எழுதக் கூடாது. நம் தெருக்களில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம் என்பதால், பிள்ளை சொந்த மஹல்லாவில் வீடு பார்க்கப் போகாமல் இருப்பதே நல்லது. வீட்டில் நாமும் "யார் வீட்டுக்குப் போனாய், அங்கே என்ன?" என்று கிளறக் கூடாது. (இதுதான் நம்மில் பலருக்குக் கஷ்டம்!) இதற்கு விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளாவது தெரிந்தால் மறைக்க முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிப்பது கட்டாயம். மாணவி உடனே பொறுப்பாளரிடமும் பேராசிரியரிடமும் சொல்ல வேண்டும். 1098 என்ற எண்ணும் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவது நியாயம். அதற்காகப் பிள்ளையைத் தடுக்க வேண்டாம், கல்லூரியிடம் கேளுங்கள். எந்த நிறுவனம், பொறுப்பாளர் யார், எத்தனை மணிக்கு முடியும், வீடுகளுக்கு இருவராக அனுப்புவார்களா, பேராசிரியர் நேரில் வந்து பார்ப்பாரா என்று கேட்பதில் தவறில்லை. பாலியல் தொல்லை குறித்த யு.ஜி.சி.யின் 2015 விதிமுறைகளில் களப்பயணமும் இன்டர்ன்ஷிப்பும் நடக்கும் இடங்களும் கல்லூரி வளாகமாகவே கணக்கிடப்படுகின்றன. அங்கே ஏதாவது நடந்தால், "வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று கல்லூரி ஒதுங்க முடியாது. புகார்க் குழு விசாரிக்க வேண்டும். இதை உங்கள் மகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வரும் பருவத்தில் எங்கள் அறக்கட்டளையில் நான்கு மாணவர்களுக்கு இடம் தர முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். வேறு மஹல்லாக்களிலிருந்து வருபவர்களுக்கு முன்னுரிமை. கல்லூரித் துறைத்தலைவரின் கடிதத்தோடு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரலாம். வருகைப் பதிவேட்டில் மாணவர் அன்றன்று கையெழுத்திட வேண்டும். வராத நாளுக்கு நாங்கள் கையெழுத்திட மாட்டோம்.