பத்து ஆட்டம், ஒரு செட்டும் தோற்கவில்லை

2021 யு.எஸ். ஓப்பன் டென்னிஸ். பிரிட்டனின் எம்மா ராடுகானுவுக்கு 18 வயது, தரவரிசையில் 150ஆவது இடம். தகுதிச் சுற்றோடு முடிந்துவிடும் என்று ஊர் திரும்ப விமான டிக்கெட்டும் எடுத்துவைத்திருந்தார். அந்த டிக்கெட் வீணாய்ப் போனதில் எத்தனை ரசிகர்களுக்கு ஆனந்தம்! தகுதிச் சுற்றில் 3, பிரதானச் சுற்றில் 7, ஆக 10 ஆட்டங்கள். ஒரு செட்டைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. தகுதிச் சுற்றிலிருந்து வந்து கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வென்றவர் அதற்கு முன் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை.

இறுதியாட்டத்தில் எதிரே கனடாவின் 19 வயது லேலா பெர்னாண்டஸ். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, நவோமி ஒசாகாவை வீழ்த்தி வந்தவர். இரண்டாவது செட்டில் 5-3 என்று ராடுகானு முன்னிலை. பந்தை எடுக்கச் சறுக்கியதில் இடது முழங்கால் கிழிந்து ரத்தம் வழிகிறது. கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். கடைசிப் புள்ளி, எதிராளி தொடமுடியாத ஏஸ் சர்வ்! 6-4, 6-3. நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

1977இல் விம்பிள்டன் வென்ற வர்ஜீனியா வேடுக்குப் பிறகு, 44 ஆண்டுகள் கழித்து ஒரு பிரிட்டிஷ் பெண்ணின் கையில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் கோப்பை. அன்று அரங்கில் கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் அந்த வேடும் ஒருவர்.