வளையத்தின் அந்தப் பக்கம்

சனிக்கோள் என்றதும் நம் எல்லோர் மனசிலும் வருவது ஒரே ஒரு பக்கத்தின் படம். பாடப்புத்தகத்திலிருந்து காலண்டர் வரைக்கும் அந்த வளையம் பளபளவென்றுதான் இருக்கும். இது தற்செயல் அல்ல. சனியிலிருந்து திரும்பிப் பார்த்தால், பூமி சூரியனை விட்டு சுமார் 6 பாகைக்கு மேல் விலகுவதே இல்லை. ஆக, கவலூர் தொலைநோக்கியிலோ அனகாபுத்தூர் மொட்டைமாடியிலோ எங்கே நின்று பார்த்தாலும், சூரியனின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறோம். வெளிச்சம் போகிற திசையும் பார்வை போகிற திசையும் ஒன்றாகிவிடுகின்றன. 'உள்ளது உள்ளபடி தெரிகிறது' என்கிற நம்பிக்கை இந்த இடத்தில்தான் பிறக்கிறது. யதார்த்தவாதம் பற்றி சிறுபத்திரிகைகளில் நடந்த சண்டைகள் ஞாபகம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சனியின் அச்சு 26.7 பாகை சாய்ந்திருக்கிறது. அது சூரியனை ஒருமுறை சுற்ற ஏறக்குறைய 29.5 ஆண்டுகள். அதனால் சுமார் 15 ஆண்டுகள் வளையத்தின் தென்முகத்திலும், அடுத்த 15 ஆண்டுகள் வடமுகத்திலும் வெயில் விழுகிறது. இந்த மாற்றம் நிகழும் நேரத்தில் மட்டும் சில வாரங்கள் சூரியன் ஒரு பக்கமும் நாம் மறுபக்கமுமாக அமைவது உண்டு. கடைசியாக 2025இல் அப்படி அமைந்தது. மார்ச் 23 அன்று பூமி வளையத்தளத்தைக் கடந்தது, மே 6 அன்று சூரியன் கடந்தது. இடைப்பட்ட ஆறு வாரங்கள் வெளிச்சம் விழாத முகம் நம்மை நோக்கி இருந்தது. ஆனால் வளையமோ கோடு மாதிரி ஒடுங்கிக் கிடந்தது, சனியோ வானத்தில் சூரியனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. என்ன பிரயோஜனம்?

அந்தப் பக்கம் போய்ப் பார்த்த முதல் கலம் பயனியர் 11. 1979 செப்டம்பர் 1 அன்று அது சனியை நெருங்கியபோது சூரியன் வளையத்தின் தென்புறத்தில், தளத்துக்கு 3 பாகை அளவே உயரத்தில் இருந்தது. கலம் வந்தது வடக்கிலிருந்து. அது அனுப்பிய படம் ஏறக்குறைய நெகடிவ் போல இருந்தது. பூமியிலிருந்து பார்த்தால் மிகப் பிரகாசமான 'பி' வளையம் அதில் கறுத்துக் கிடந்தது. 1675இல் காசினி கண்டுபிடித்த, வெற்றிடம் என்றே காலங்காலமாக நினைத்துவந்த காசினி இடைவெளி ஒளிர்ந்தது. அதாவது அங்கே பொருள் இருந்தது. கொஞ்சமாக இருந்ததால் ஒளியைத் தடுக்காமல், சிதறடித்து இந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விளிம்பிலிருந்து பார்த்தால் உண்மை தானாகத் தெரிந்துவிடும் என்று நம்மில் பலர் எழுதியிருக்கிறோம், பேசியிருக்கிறோம். பின்பக்கத்துப் படம் அத்தனை சுலபமானது இல்லை. அதில் இரண்டு விதமான கறுப்பு உண்டு. பனிக்கட்டித் துண்டுகள் நெருக்கமாக அடைந்து ஒளியையே விடாத இடமும் கறுப்பு, ஒன்றுமே இல்லாத இடமும் கறுப்பு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய முன்பக்கத்துப் படமும் வேண்டும். முன்னால் பிரகாசம், பின்னால் கறுப்பு என்றால் அடர்த்தி. இரண்டு பக்கமும் கறுப்பு என்றால் இடைவெளி. முன்னால் மங்கல், பின்னால் ஒளி என்றால் மெலிந்த பரவல். ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு 'இங்கே எதுவும் இல்லை' என்றோ, 'இங்கே எல்லாம் புதைந்து கிடக்கிறது' என்றோ சொல்வது வாசிப்பு ஆகாது.

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். தறியிலிருந்து அறுத்த துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே யாருக்கும் புதிதில்லை. மேசைமேல் விரித்தால் தெரியாத இழை விலகல், பாவு அறுந்த இடம், ஊடை நெருங்கிய இடம் எல்லாம் அப்போது தெரியும். ஆனால் இந்த உவமை ஓரிடத்தில் கிழிகிறது. துணிக்குப் பின்னால் இருப்பது வெளிச்சம், எனவே ஓட்டை பளீரென்று தெரியும். வளையத்துக்கு வெளிச்சம் சாய்வாக வருகிறது. நேர் பின்னால் இருப்பது இருட்டு வானம். அங்கே ஓட்டை கறுப்பாகத்தான் தெரியும். உவமையைக் கடைசி வரை இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

வளையம் ஒளியை ஊடுருவ விடும் என்பதை மனிதர்கள் அறிந்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1850இல் அமெரிக்காவில் பாண்டும் இங்கிலாந்தில் டாஸும் மங்கலான ஓர் உள்வளையத்தைக் கண்டார்கள். மெல்லிய கறுப்புத் துணியின் பெயரால் அதற்கு 'க்ரேப் வளையம்' என்றும் பெயர் வந்தது. 1852இல் நுங்கம்பாக்கத்திலிருந்த சென்னை வானாய்வகத்தில் கேப்டன் ஜேக்கப், அந்த வளையத்தின் ஊடாகக் கோளின் உருவம் தெரிவதைக் கண்டார். அதே ஆண்டு மால்டா தீவில் லாசெலும் கண்டார். வளையம் திடமான தட்டு இல்லை, எண்ணற்ற துணுக்குகளின் கூட்டம் என்று மாக்ஸ்வெல் கணக்குப் போட்டு நிறுவியது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான். கண் முந்திக்கொண்டது.

அந்த வானாய்வகம் 1792இல் எழுந்தது. அதன் கிரானைட் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட வாசகம் பொறித்திருக்கிறார்கள். ஆனால் கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் வருவது ஜேக்கப் பெயர்தான். அங்கே வேலை பார்த்த உள்ளூர் உதவியாளர்களில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒருவர் பெயர்தான் பரவலாக வெளியே தெரிகிறது. ஒளிமாறும் விண்மீன் ஒன்றை 1867இல் கண்டறிந்தவர் அவர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்திலிருந்து வந்தது அவருக்கு உதவியிருக்கலாம். மற்றவர்கள்? இது எந்தக் கறுப்பு என்று கேட்காமல் 'ஆவணம் இல்லை' என்று முடித்துவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆவணம் இல்லாததாலேயே ஒரு காவியத்தைக் கற்பனை பண்ணிக்கொள்கிறவர்கள் மீதும் உண்டு.

ஜவ்வாது மலைக் கவலூரில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. குறித்த நேரத்துக்கு முன்பே விண்மீனின் வெளிச்சம் சட்டென்று குறைந்து மீண்டதை ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் பதிவு செய்தார்கள். யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே சமயம் இந்துமாக்கடல் மேல் விமானத்தில் பறந்துகொண்டிருந்த எலியட் குழுவுக்கு, கோளுக்கு முன்னாலும் பின்னாலும் ஒத்த இடங்களில் பல மங்கல்கள் கிடைத்தன. அவர்கள் அதை வளையம் என்று படித்தார்கள். கவலூர்ப் பதிவு பொய் இல்லை, அதுவும் வளையத்தின் நிழல்தான். ஒரு பக்கத்து இருட்டு மட்டும் கையில் இருந்தால் அது நிலாவாகவும் தெரியும்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழும்போது, அதை நோக்கி நின்றால் தூசி மினுக்கும். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் தூசியே இல்லாத மாதிரி இருக்கும். மைக்ரான் அளவுத் துகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறடிப்பதுதான் காரணம். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 யுரேனஸைக் கடந்துபோய் சூரியன் பக்கம் திரும்பிப் பார்த்து, 96 விநாடி நேரம் ஒரே படம் எடுத்தது. அதுவரை வெறும் இடைவெளியாகத் தெரிந்த இடமெல்லாம் தூசிப் பட்டைகளாக ஒளிர்ந்தன. 2006 செப்டம்பர் 15 அன்று காசினி கலம் சனியின் நிழலுக்குள் நின்று எடுத்த படங்களில் அதுவரை தெரியாத மெலிந்த வளையங்கள் தெரிந்தன. பூமியும் ஒரு புள்ளியாக அங்கே இருந்தது. 'பி' வளையத்தின் மேல் ஆரக்கால் மாதிரி ஓடும் கீற்றுகளை வாயேஜர்கள் பார்த்திருந்தன. காசினிக்கு அவை முதலில் அகப்பட்டது 2005 செப்டம்பரில், வெளிச்சம் விழாத பக்கத்தில்தான்.

இன்னொன்று. இந்தப் படங்களில் நாம் காணும் பிரகாசத்தை நம்பி விலை பேசக் கூடாது. அந்தப் பக்கம் நிஜமாகவே மங்கல். நேரம் கூட்டி எடுத்து, மாறுபாட்டை ஏற்றித்தான் வெளியிடுகிறார்கள். பக்கத்திலிருக்கும் சனியே வெயிலைத் திருப்பியடித்து வளையத்தின் மேல் கொஞ்சம் வெளிச்சம் போடுகிறது, அதையும் கழிக்க வேண்டும். நாசா படவிளக்கத்தில் 'வெளிச்சம் விழாத பக்கம்' என்ற ஒரு வரி இருக்கும். மறுபிரசுரம் செய்கிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

2025 மே முதல் வடமுகம் வெயிலில்லாமல் இருக்கிறது, 2039 வாக்கில்தான் திரும்ப வெளிச்சம் வரும். காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனிக்குள் விழுந்து எரிந்துபோனது. இப்போது அங்கே எந்தக் கலமும் இல்லை.