இழையால் ஆன அன்னம்

தேவதானத்தில் நின்று மேற்கே மலையைப் பாருங்கள். பருந்து ஒன்று இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு உயரும். வெயிலில் சூடேறிய காற்றும், மலைச்சரிவில் மோதிய காற்றும் மேலெழுந்து அதைத் தூக்கிச் செல்கின்றன.

ஜெர்மானிய இளைஞர்கள் இதே வித்தையைக் கற்றார்கள். முதல் உலகப் போருக்குப் பின், 1919-ஆம் ஆண்டின் வெர்சேல்ஸ் உடன்படிக்கை அந்நாட்டு விமானத் தொழிலைக் கட்டிப்போட்டது. எனவே அவர்கள் 1920 முதல் வாசர்குப்பே மலையில் எஞ்சின் இல்லாத சறுக்கு விமானங்களைப் பறக்கவிட்டனர். எஞ்சின் இல்லையென்றால் விமானம் இலேசாகவும் வழவழப்பாகவும் இருந்தாக வேண்டும் அல்லவா? இந்தத் தேடலில் 1957-இல் ஸ்டுட்கார்ட் நகரில் 'ஃபீனிக்ஸ்' பிறந்தது. கண்ணாடியிழையால் செய்த முதல் சறுக்கு விமானம் அதுவே.

மாவுக்கட்டின் இரகசியம்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி தனியே தொய்ந்துவிடும். உலர்ந்த மாவு தனியே நொறுங்கிவிடும். இரண்டும் சேர்ந்த மாவுக்கட்டோ முறிந்த காலையே தாங்குகிறது! இழை இழுவிசையை ஏற்கிறது. மாவு இழைகளை நகராமல் பிடித்துக்கொள்கிறது. விமானத்தில் மாவுக்குப் பதில் பிசின். பஞ்சு நூலுக்குப் பதில் கண்ணாடியிழை, கரியிழை. இழையின் நீளவாக்கில்தான் வலிமை அதிகம். ஆகவே துணியைப் பல திசைகளில் அடுக்குகிறார்கள்.

நம் நாட்டு அன்னம்

பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகம் இம்முறையில் உருவாக்கிய இருவர் அமரும் பயிற்சி விமானமே 'ஹன்சா'. ஹன்சா என்றால் அன்னம். இதன் வடிவமைப்பில் முன்னின்றவர் ருஸ்தம் தமானியா. 1993-இல் ஹன்சா-2 பறந்தது, 1996-இல் ஹன்சா-3. சான்றிதழ் கிடைத்ததோ 2000-இல்தான்.

ஏன் இத்தனை ஆண்டுகள்? ஒரு முறை பறந்தால் போதாது. கற்றுக்குட்டியின் கையிலும் பத்திரமாகப் பறக்க வேண்டும். இவ்வகை விமானத்தின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது விதி. உடற்பகுதியில் கூடும் ஒவ்வொரு கிலோவும் பெட்ரோலிலோ, ஆளின் எடையிலோ குறைய வேண்டும்!

புதிய தலைமுறை ஹன்சா 2021-இல் பறந்தது. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. அடர்ந்த காற்றில் அது எப்படிப் பறக்கிறது என்று அறிய, 2022-இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனை நடந்தது. அதே ஆண்டு மே மாதம் கர்நாடகத்தின் சள்ளகெரேயில் கடினமான தேர்வு ஒன்று. 7000 அடிக்கு மேல் எஞ்சினையே நிறுத்தினார்கள்! விமானம் கல்லைப்போல விழவில்லை. உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு, பருந்தைப்போலச் சறுக்கியது. நிலையாற்றல் இயக்கத்திற்கு உதவியது. எஞ்சின் வானிலேயே மீண்டும் இயக்கப்பட்டது.

செய்து பாருங்கள்

பேண்டேஜ் துணியில் இரண்டு பட்டைகள் வெட்டுங்கள். ஒன்றைக் கெட்டியான கஞ்சியில் தோய்த்து, நேராக விரித்து, நன்கு உலர்த்துங்கள். இரண்டையும் மேசை விளிம்பில் பாதி நீட்டி வையுங்கள். எது தொங்குகிறது, எது நிற்கிறது? அடுத்து, மூன்று பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உலர்த்தி, நுனியில் நாணயங்களை அடுக்குங்கள். எத்தனை தாங்கும் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.